ஸீதி ஹாமெத் என்பவர் யார்?
டொன் கிஹோத்தே நாவலின் ‘அறபு ஆசிரியர்’ பற்றிய ஒரு விசாரணை

கடந்த வருடம் எங்கள் பகுதியில் நடந்த ஒரு நூல் வெளியீட்டு விழாவில், பேச்சாளர் ஒருவர் மேசையைத் தட்டி ஒரு செய்தி சொன்னார். உலகத்தின் முதலாவது நாவலை எழுதியவர் ஓர் அறபியாம். பெயர் ஹாமித். ஐரோப்பியன் அதைக் களவெடுத்துத் தன்னுடைய பெயரில் போட்டுக்கொண்டானாம். மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

அடுத்த நாள் உயர்தர வகுப்பில் ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்: “சேர், அந்த ஹாமித் எந்த ஊர் ஆள்? அவர்ர கிதாபு இப்ப எங்க இருக்கு?” எனக்குப் பதில் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் சிறப்புப் பட்டத்துக்குப் படித்த காலத்தில், நாவல் வரலாறு என்ற பாடத்தில், டொன் கிஹோத்தே (நம்மவர் பலர் டொன் குவிக்சோட் என்று எழுதுவர்) எனக்கு ஒரே ஒரு வரிக் குறிப்பு. செர்வாண்டிஸ், ஸ்பெயின், 1605. பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அது போதவில்லை. அதன் பிறகுதான் அந்த நூலின் இரண்டு பாகங்களையும் ஆங்கில வழியாக முழுமையாக வாசித்தேன்.

வாசித்து முடித்தபோது இரண்டு விடயங்கள் தெளிவாகின. ஒன்று, அந்தப் பேச்சாளர் சொன்னது பிழை. மற்றது, உண்மை அவர் சொன்னதை விடப் பெரியது.

தொலேடோ சந்தையில் ஒரு பழைய கொப்பி

மிகெல் தே செர்வாண்டிஸ் எழுதிய இந்த நாவலின் முதற்பாகம் 1605இல் மத்ரித் நகரில் வெளிவந்தது. வீரசாகசக் கதைகளை இரவு பகலாக வாசித்துப் புத்தி பேதலித்த ஒரு கிராமத்துக் கனவான், தன்னை அந்தக் கதைகளில் வரும் வீரனாக எண்ணிக்கொண்டு புறப்படுகின்றான். பூதங்களும் மந்திரவாதிகளும் மாயக் கோட்டைகளும் அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகின்றன. இது எல்லோரும் அறிந்த கதை.

எட்டாம் அத்தியாயத்தில் கிஹோத்தேயும் பாஸ்க் நாட்டான் ஒருவனும் வாளை உயர்த்தியபடி நிற்கும்போது கதை திடீரென அறுந்து போகின்றது. இதற்கு மேல் எழுதியது எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லப்படுகின்றது. ஒன்பதாம் அத்தியாயத்தில் கதைசொல்லி தொலேடோ நகரத்தின் அல்கானா என்ற கடைத்தெருவில் நிற்கின்றார். தொலேடோ என்பது நமது வரலாற்றாசிரியர்கள் துலைதுலா என்று எழுதிய ஊர். ஒரு பையன் பழைய கொப்பிகளையும் கடுதாசிகளையும் பட்டு வியாபாரி ஒருவனுக்கு விற்க வருகின்றான். தெருவில் கிடக்கும் கிழிந்த தாளைக்கூட எடுத்து வாசிக்கும் பழக்கமுள்ள கதைசொல்லி, ஒரு கொப்பியை வாங்கிப் பார்க்கின்றார். அறபு எழுத்து. அவருக்கு வாசிக்கத் தெரியாது.

அருகில் ஒரு மொரிஸ்கோவைத் தேடிப் பிடிக்கின்றார். மொரிஸ்கோ என்றால் கட்டாயத்தின் பேரில் ஞானஸ்நானம் பெற்ற ஸ்பானிய முஸ்லிம், அல்லது அவரது பரம்பரையில் வந்தவர். அந்த மனிதர் கொப்பியை நடுவில் திறந்து வாசித்துவிட்டுச் சிரிக்கின்றார். ஏன் சிரிப்பு? ஓரத்தில் யாரோ ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கின்றார்கள்: இந்தக் கதையில் அடிக்கடி வரும் துல்சினேயா என்ற பெண், பன்றி இறைச்சிக்கு உப்புப் போடுவதில் லா மஞ்சா மாகாணத்திலேயே கெட்டிக்காரியாம். பிறகு தலைப்பை வாசிக்கின்றார். டொன் கிஹோத்தேயின் வரலாறு. எழுதியவர் ஸீதி ஹாமெத் பெனெங்ஹேலி, அறபு வரலாற்றாசிரியர்.

கதைசொல்லி அரை ரெயால் கொடுத்துக் கொப்பிகளை வாங்குகின்றார். மொழிபெயர்ப்புக்குக் கூலி இரண்டு அர்ரோபா உலர்ந்த திராட்சையும் இரண்டு ஃபனேகா கோதுமையும். அந்த இரண்டு அளவைப் பெயர்களும் அறபிலிருந்து வந்தவை. அர்ரோபா என்பது ‘அர்ருப்உ’, அதாவது கால் பங்கு. ஒன்றரை மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் மொழிபெயர்ப்பு முடிகின்றது. நாம் இன்று வாசிக்கும் நாவலின் பெரும் பகுதி, அந்தப் பெயர் தெரியாத மொரிஸ்கோ மொழிபெயர்த்துக் கொடுத்தது என்பதுதான் நூல் நமக்குச் சொல்லும் கதை.

இதை நம்பித்தான் நமது பேச்சாளர் மேசையைத் தட்டினார். ஆனால் இது நாவலுக்குள் வரும் ஒரு கதை. ஸீதி ஹாமெத் என்றொரு வரலாற்றாசிரியர் இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. அவர் செர்வாண்டிஸ் படைத்த பாத்திரம். அப்படியானால் ஏன் இப்படி ஒரு பாத்திரம்? அவர் எந்த வகையான ஆள்? அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? அறிஞர்கள் இருநூறு வருடங்களாக இதைப் பற்றி வாதாடி வருகின்றார்கள்.

பெயர் பற்றிய வாதம்

‘ஸீதி’ என்பதில் சிக்கல் இல்லை. ‘ஸெய்யிதீ’ என்ற அறபுச் சொல்லின் பேச்சு வடிவம். ‘என் தலைவரே’ என்று பொருள். ‘சீத்’ என்றால் அறபில் ‘ஐயா’ என்று கிஹோத்தேயே இரண்டாம் பாகத்தில் சஞ்சோவுக்கு விளக்குகின்றார். ‘ஹாமெத்’ ஹாமித் ஆகவோ அஹ்மத் ஆகவோ இருக்கலாம். வாதம் முழுவதும் ‘பெனெங்ஹேலி’யில்தான்.

பணியாள் சஞ்சோ இந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல மாட்டாமல் ‘பெரென்ஹேனா’ என்கின்றான். ஸ்பானிய மொழியில் அது கத்தரிக்காய். மூர்களுக்குக் கத்தரிக்காயில் பிரியம் அதிகம் என்று வேறு விளக்கம் தருகின்றான். சில அறிஞர்கள் இதைப் பகிடியாக விட்டுவிடவில்லை. கத்தரிக்காய்க்கு அறபில் ‘பாதிஞ்ஜான்’. பெனெங்ஹேலி என்பதே அதிலிருந்து செய்யப்பட்ட கேலிப் பெயர் என்றார்கள். தொலேடோ வாசிகளைக் ‘கத்தரிக்காய்க்காரர்’ என்று அயலூரார் பட்டப்பெயர் வைத்து அழைத்ததும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோசே அந்தோனியோ கொந்தே என்ற ஸ்பானிய அறபு அறிஞர் வேறொரு வழி காட்டினார். ‘இப்னுல் அய்யில்’, அதாவது மானின் மகன். ஸ்பானிய மொழியில் மானுக்குச் ‘சியெர்வோ’; செர்வாண்டிஸ் என்ற பெயரும் அந்த ஒலியோடு ஒட்டுகின்றது. ஆகவே செர்வாண்டிஸ் தன் பெயரையே அறபில் மொழிபெயர்த்து ஒளித்து வைத்தார் என்பது அவர் முடிபு. இன்னும் சிலர் ‘இப்னுல் இன்ஜீல்’, இன்ஜீலின் மகன் என்று பிரித்தார்கள். முஸ்லிம் பெயரைச் சுமந்துகொண்டு கிறிஸ்தவ வேதத்தின் கீழ் வாழ நேர்ந்த ஒருவருக்கு இது பொருத்தமான பெயர்தான்.

தமிழ் படித்தவன் என்ற வகையில் எனக்குச் சொற்பிறப்பு ஆராய்ச்சி மீது ஆசையும் உண்டு, பயமும் உண்டு. ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக எந்தச் சொல்லையும் எந்த மொழியிலிருந்தும் கொண்டுவந்து காட்டலாம். இந்த மூன்று விளக்கங்களும் ஒன்றை ஒன்று தள்ளுகின்றன. மூன்றும் ஓரளவு பொருந்துகின்றன. அதுவே ஓர் எச்சரிக்கை. செர்வாண்டிஸ் அறபை முறையாகப் படித்தவர் அல்லர். அவரது கிஹோத்தே ஓரிடத்தில் ‘அல்’ என்று தொடங்கும் ஸ்பானியச் சொற்கள் அறபு வழி வந்தவை என்று பட்டியல் போடுகின்றார். அதில் ‘அல்மோர்சார்’ (உணவு உண்ணுதல்) என்ற சொல்லும் இருக்கின்றது. உண்மையில் அது லத்தீன் வழி வந்தது. பெயரை மட்டும் தோண்டினால் ஆள் அகப்பட மாட்டார்.

மந்திரவாதியா, மனிதரா?

இரண்டாம் பாகம் 1615இல் வெளியானது. அதில் ஒரு விசித்திரம் நடக்கின்றது. கிஹோத்தேயும் சஞ்சோவும் தங்களைப் பற்றிய நூல் அச்சாகி ஊரெல்லாம் வாசிக்கப்படுவதை அறிகின்றார்கள். சஞ்சோ பயந்து சிலுவை அடையாளம் இட்டுக்கொள்கின்றான். நாங்கள் இருவரும் தனியே பேசியதெல்லாம் எழுதினவருக்கு எப்படித் தெரியும் என்பது அவனது கேள்வி. எல்லாம் அறிந்த ஒரு மந்திரவாதிதான் இதை எழுதியிருக்க வேண்டும் என்கின்றார் கிஹோத்தே.

இது வேடிக்கைப் பேச்சு மட்டுமல்ல. வீரசாகசக் கதைகளில் வரலாற்றை எழுதும் ஞானிகள் மந்திர சக்தி உள்ளவர்களாகவே வருவார்கள். கிஹோத்தே தன் கனவுலகத்தின் சட்டப்படி சரியாகவே யோசிக்கின்றார். ஆனால் ஆசிரியர் ஒரு மூர் என்று தெரிந்ததும் அவருக்கு மனம் கலங்குகின்றது. மூர்களிடம் உண்மையை எதிர்பார்க்க முடியாதே என்று கவலைப்படுகின்றார். முதற்பாகத்தின் கதைசொல்லியும் இதையே சொல்லியிருந்தார்: அறபிகள் பொய் பேசுபவர்கள், நமது எதிரிகள், ஆகவே நம் வீரனின் புகழைக் குறைத்துத்தான் எழுதியிருப்பார்கள். கதையில் குறை ஏதும் இருந்தால் அது அந்த ஆசிரிய நாயின் குற்றம் என்ற பொருளிலும் பேசுகின்றார்.

ஆனால் இதே நூல் வேறோர் இடத்தில் ஸீதி ஹாமெத்தைச் சிறு விபரத்தையும் விடாமல் எழுதும் நுணுக்கமான வரலாற்றாசிரியர் என்று மெச்சுகின்றது. அவரை நம்பமுடியாது என்று திட்டிக்கொண்டே ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அவரிடமே கைநீட்டுகின்றது. பொய்யன் என்று பெயர் சூட்டப்பட்டவன் எழுதியதைத் தவிர உண்மைக்கு வேறு மூலம் கிடையாது. இந்த முரண்பாட்டைச் செர்வாண்டிஸ் தெரிந்துதான் வைத்திருக்கின்றார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

போலி மொழிபெயர்ப்புகளின் காலம்

இன்னொரு தரப்பார் சொல்வது: இதற்கெல்லாம் இவ்வளவு ஆழம் தேவையில்லை, இது வீரசாகசக் கதைகளைக் கிண்டல் செய்யும் ஓர் உத்தி மட்டுமே. இதில் நியாயம் உண்டு. அந்தக் கதைகளின் ஆசிரியர்கள் தாம் எழுதியதை எங்கோ கண்டெடுத்த பழைய ஏடு என்று சொல்வது வழக்கம். அமாதிஸ் கதையின் தொடர்ச்சி, கொன்ஸ்தாந்திநோபிளுக்கு அருகே ஒரு கல்லறையில் கிடைத்து ஹங்கேரிய வியாபாரி ஒருவர் கொண்டுவந்ததாக அதன் ஆசிரியர் சொல்லிக்கொண்டார். இன்றைய கற்பனை நாவல்களிலும் இந்த வழக்கம் ஓயவில்லை. ‘மோதிரங்களின் தலைவன்’ எழுதிய டோல்கீன்கூடத் தன் நூலைப் பழைய செந்நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பு என்றே வைத்தார்.

ஆனால் செர்வாண்டிஸ் ஏன் கிரேக்க ஏடு என்றோ லத்தீன் ஏடு என்றோ சொல்லாமல், அறபுக் கொப்பி என்றார்? இந்தக் கேள்விக்கு ‘உத்தி மட்டுமே’ என்பவர்களிடம் முழுப் பதில் இல்லை. அதற்கு அந்தக் காலத்து வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

1492 ஜனவரியில் கிரனாடா வீழ்ந்தது. சரணடைவு உடன்படிக்கையில் முஸ்லிம்களின் மார்க்கத்துக்கும் பள்ளிவாசல்களுக்கும் பாதுகாப்பு எழுதப்பட்டிருந்தது. பத்து வருடங்களுக்குள் அந்த எழுத்து செல்லாக் காசானது. கர்தினால் சிஸ்நேரோஸ் அறபுக் கிதாபுகளைக் கிரனாடாவின் பொதுச் சதுக்கத்தில் குவித்து எரிப்பித்தார். 1502இல் கஸ்தீல் முஸ்லிம்களுக்கு ஞானஸ்நானம் அல்லது வெளியேற்றம் என்று கட்டளை பிறந்தது. 1567இல் இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை கிரனாடா மொரிஸ்கோக்களுக்கு அறபு பேசுவதையும் எழுதுவதையும், அவர்களுடைய உடையையும், குளியல் வழக்கத்தையும்கூடத் தடைசெய்தது. 1568இல் அல்புஹாரா மலைகளில் கிளர்ச்சி வெடித்தது. அது அடக்கப்பட்ட பின் கிரனாடா மொரிஸ்கோக்கள் ஆயிரக்கணக்கில் பெயர்க்கப்பட்டு, கஸ்தீல் எங்கும், தொலேடோவிலும் லா மஞ்சாவிலும்கூட, சிதறடிக்கப்பட்டார்கள். வீட்டில் அறபுத் தாள் ஒன்று அகப்பட்டால் மதவிசாரணை மன்றத்தின் முன் நிற்க நேரிடும். பன்றி இறைச்சி உண்ணாதவன் சந்தேகத்துக்குரியவன்.

இந்தப் பின்னணியில் தொலேடோச் சந்தைக் காட்சியை மீண்டும் வாசியுங்கள். அறபு வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தெருவில் கண்டுபிடிப்பது சிரமமாக இருக்கவில்லை என்கின்றார் கதைசொல்லி. அதைவிடப் பழைய மொழிக்கும் ஆள் கிடைத்திருக்கும் என்று ஹீப்ருவை ஜாடையாகக் குறிப்பிடுகின்றார். பன்றி இறைச்சிக் குறிப்பைக் கண்டு மொரிஸ்கோ சிரிக்கின்றார். எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விடயம் அங்கே பகிடியாகச் சொல்லப்படுகின்றது: இந்த மக்கள் எங்கும் போகவில்லை, அவர்கள் இங்கேதான் இருக்கின்றார்கள்.

போலி மொழிபெயர்ப்புக்கும் அன்றைய கிரனாடாவில் முன்மாதிரி இருந்தது. மிகெல் தே லூனா என்ற மொரிஸ்கோ மொழிபெயர்ப்பாளர் 1592இல் ஒரு வரலாற்று நூலை வெளியிட்டார். அபுல்காஸிம் தாரிஃப் என்ற அறபு ஆசிரியரின் மொழிபெயர்ப்பு அது என்றார். அப்படி ஓர் ஆசிரியர் இல்லை. ஸ்பெயினுக்கு முஸ்லிம்கள் வந்ததை நல்ல வெளிச்சத்தில் காட்ட லூனா தானே எழுதிய நூல் அது. 1595 முதல் கிரனாடாவின் சாக்ரோமொந்தே குன்றில் அறபு எழுத்துப் பொறித்த ஈயத் தகடுகள் கிடைக்கத் தொடங்கின. முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களே அறபில் எழுதியவை என்று நம்பப்பட்டன. அறபையும் அறபு மக்களையும் ஸ்பெயினில் நிலைநிறுத்துவதற்காக மொரிஸ்கோக்கள் செய்த போலிகள் அவை என்பது பின்னர் தெளிவாயிற்று. 1682இல் வத்திக்கான் அவற்றைக் கண்டனம் செய்தது. சந்தேகம் விழுந்தவர்களில் லூனாவும் ஒருவர். அந்தத் தகடுகளை மொழிபெயர்க்க அழைக்கப்பட்டவர்களிலும் அவர் ஒருவர்! செர்வாண்டிஸ் நாவலின் முதற்பாக முடிவில் ஓர் ஈயப் பெட்டியிலிருந்து பழைய ஏடுகள் எடுக்கப்படுவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

‘அறபியும் மஞ்சாக்காரரும்’

என்னுடைய கருத்தை இனிச் சொல்கின்றேன். ஸீதி ஹாமெத் எந்த ஊர் ஆள் என்று மாணவி கேட்டாளே, அதற்கு நூலுக்குள்ளேயே பதில் இருக்கின்றது. இருபத்திரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் அவர் அறபி என்றும் லா மஞ்சாக்காரர் என்றும் ஒரே மூச்சில் அறிமுகப்படுத்தப்படுகின்றார். பக்தாதிலிருந்தோ பெஸ் நகரிலிருந்தோ வந்தவர் அல்லர். கிஹோத்தேயின் அயலவர், அதே மண்ணின் ஆள்.

பதினாறாம் அத்தியாயத்தில் இன்னொரு தடயம். சத்திரத்தில் தங்கும் அரேவலோ ஊர்க் கோவேறுகழுதைக்காரன் ஒருவனைப் பற்றி ஆசிரியர் கூடுதலாக எழுதியிருக்கின்றாராம். காரணம், அவனை அவருக்கு நன்றாகத் தெரியும்; சொந்தக்காரன் என்றும் சிலர் சொல்வார்களாம். கோவேறுகழுதையில் சுமையேற்றும் தொழில் மொரிஸ்கோக்கள் பலர் செய்த தொழில். அரேவலோவோ, ‘அரேவலோ இளைஞர்’ என்ற புனைபெயரில் மறைவாக இஸ்லாமிய நூல்கள் எழுதிய ஒரு மொரிஸ்கோவின் ஊர்.

அந்த இளைஞர் எழுதியது எந்த மொழியில், எந்த எழுத்தில்? மொழி ஸ்பானியம், எழுத்து அறபு. இதற்கு அல்ஹமியாதோ என்று பெயர். ‘அஜமிய்யா’ என்ற அறபுச் சொல்லின் மருவல். நமது அறபுத் தமிழை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தமிழின் ஒலிகளுக்காக நம் முன்னோர் அறபு எழுத்துகளுக்குப் புள்ளிகள் சேர்த்தது போல, அவர்கள் ‘ப்’ ஒலிக்காக ‘பே’ எழுத்தின் மேல் ‘ஷத்து’ இட்டார்கள். 1884இல் சரகோசாவுக்கு அருகே அல்மொனசித் என்ற ஊரில் பழைய வீடொன்றை இடித்தபோது, பொய்த் தளத்தின் கீழ் ஒளித்துவைக்கப்பட்ட இத்தகைய கையெழுத்துப் பிரதிகள் பெருந்தொகையாக வெளிப்பட்டன. சில ஏடுகள் மதிப்பறியாத கைகளில் அழிந்தும் போயின.

ஸீதி ஹாமெத்தின் கொப்பியும் அல்ஹமியாதோதானா? அப்படி எண்ண எனக்கு ஆசைதான். ஆனால் மொரிஸ்கோ அறபிலிருந்து கஸ்தீலிய மொழிக்குப் பெயர்த்ததாக நூல் தெளிவாகச் சொல்கின்றது. ஆசைக்காக மூலத்தை வளைக்கக் கூடாது.

அவருடைய மார்க்கம் என்ன? இரண்டாம் பாகத்தின் எட்டாம் அத்தியாயம் அவர் அல்லாஹ்வை மூன்று முறை புகழ்வதோடு தொடங்குகின்றது. வேறோர் இடத்தில் முஹம்மதிய தத்துவஞானி என்று அழைக்கப்படுகின்றார். ஆனால் இருபத்தேழாம் அத்தியாயத்தில் அவரே கத்தோலிக்கக் கிறிஸ்தவனாகச் சத்தியம் செய்கின்றார்! மொழிபெயர்ப்பாளர் பதறிப்போய், ஒரு நல்ல கத்தோலிக்கர் சத்தியம் செய்தால் எப்படி உண்மை பேசுவாரோ அப்படித் தானும் பேசுவதாக அதற்குப் பொருள் என்று சமாளிக்கின்றார்.

வாசகர்கள் நூற்றாண்டுக் கணக்காக இதற்குச் சிரித்து வந்திருக்கின்றார்கள். ஆனால் ஒரு மொரிஸ்கோவின் வாழ்க்கையில் இது நகைச்சுவை அல்ல. 1504இல் ஓரான் நகர முஃப்தி ஒருவர் ஸ்பெயின் முஸ்லிம்களுக்கு ஒரு ஃபத்வா அனுப்பினார். நிர்ப்பந்தத்தில் நாவால் எதைச் சொல்ல நேர்ந்தாலும் உள்ளத்தில் ஈமானைக் காத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். வெளியே கத்தோலிக்கர், உள்ளே அல்லாஹ்வைப் புகழ்பவர். ஸீதி ஹாமெத்தின் வாயில் இரண்டு சத்தியங்களும் இருப்பது பாத்திரப் படைப்பின் குறையல்ல. அந்த மக்கள் நூறு வருடங்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

செர்வாண்டிஸுக்கு இது எப்படித் தெரியும்? அவர் 1575 முதல் 1580 வரை ஐந்து வருடங்கள் அல்ஜியர்ஸில் அடிமையாக இருந்தவர். நான்கு முறை தப்பியோட முயன்று பிடிபட்டவர். கடைசியில் மீட்புப் பணம் கட்டி விடுவிக்கப்பட்டவர். முஸ்லிம்களை நேசிக்க அவருக்குக் காரணம் இருந்தது என்று சொல்ல முடியாது. அவரது எழுத்தில் நம்மை நோகடிக்கும் வரிகள் ஏராளம். ஆயினும் அவர் அவர்களை மனிதர்களாகப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தார்.

1609 முதல் 1614 வரை மூன்றாம் பிலிப் மன்னர் மொரிஸ்கோக்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேரை நாட்டை விட்டே வெளியேற்றினார். இடையில் 1614இல், அவெல்லானேதா என்ற புனைபெயரில் ஒருவர் கிஹோத்தேக்கு ஒரு போலி இரண்டாம் பாகம் எழுதினார். அவரும் அலிசொலான் என்றோர் ஞானியைத் தன் வரலாற்றாசிரியராக்கி, அரகோன் மூர்கள் வெளியேற்றப்பட்டபோது கிடைத்த வரலாறு என்று எழுதினார். அவருக்கு அந்த வெளியேற்றம் கதைக்கு ஒரு வசதி. அடுத்த வருடம் வந்த செர்வாண்டிஸின் இரண்டாம் பாகத்திலோ ரிகோத்தே என்ற மொரிஸ்கோ வருகின்றார். சஞ்சோவின் ஊர்க் கடைக்காரர். நாடு கடத்தப்பட்டு, ஜேர்மன் யாத்திரிகர்களோடு வேடமிட்டுத் திரும்பி வந்திருப்பவர். இருவரும் கட்டிப்பிடித்து, மர நிழலில் இருந்து ஒன்றாகச் சாப்பிடுகின்றார்கள். மன்னரின் கட்டளை நியாயமானது என்று ரிகோத்தேயை வாயால் சொல்ல வைக்கின்றார் செர்வாண்டிஸ். அதே வாயால், எங்கே போனாலும் ஸ்பெயினை நினைத்து அழுகிறோம், நாங்கள் பிறந்த மண் அதுதானே என்றும் சொல்ல வைக்கின்றார். இரண்டில் எது தணிக்கைக்காக எழுதியது, எது மனத்திலிருந்து வந்தது என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும்.

ஆக, இரண்டாம் பாகம் அச்சேறும்போது ஸ்பெயினில் சட்டப்படி ஒரு ஸீதி ஹாமெத் இருக்கவே முடியாது. இருந்தும் நூலை அவரே முடித்து வைக்கின்றார். கிஹோத்தே இறந்த பின் தன் எழுதுகோலைத் தொங்கவிட்டு, அதைப் பேச விடுகின்றார். இனி யாரும் இந்தக் கதையைத் தொட வேண்டாம், இது எனக்கென்றே விதிக்கப்பட்டது என்று அந்த எழுதுகோல் உரிமை கோருகின்றது. புவேர்ட்டோ ரிக்கோ அறிஞர் லூசே லோபெஸ் பரால்ட் இதை இஸ்லாமிய மரபின் ‘அல்கலமுல் அஃலா’, விதியை எழுதிய உயர்ந்த பேனாவோடு ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கின்றார். சூரத்துல் கலம் ஓதி வளர்ந்த நமக்கு இது இனிக்கும். செர்வாண்டிஸ் அவ்வளவு தூரம் அறிந்து எழுதினாரா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கருவியைத் தொங்கவிட்டு ஓய்வது ஐரோப்பியக் கவிதை மரபிலும் உள்ளது. ஆனால் கடைசிச் சொல்லை அவர் யாருடைய கையில் கொடுத்தார் என்பதில் தயக்கத்துக்கு இடமில்லை.

நம்மையும் தொட்ட சொல்

நமது பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் தமிழில் சோனகர் என்றும் ஆங்கிலத்தில் மூர் என்றும் எழுதியிருக்கும். இந்த ‘மூர்’ 1505க்குப் பின் போர்த்துக்கேயர் நமக்கு வைத்த பெயர். தம் நாட்டில் எதிரியை அழைத்த சொல்லாலேயே இங்கே வந்தும் நம்மை அழைத்தார்கள். கிஹோத்தே மூர் என்று கேட்டுக் கலங்கினாரே, அதே சொல்தான்.

தொடர்பு சொல்லோடு நிற்கவில்லை. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் ஸ்பானிய முடியின் கீழ் இருந்தது. மொரிஸ்கோக்களை வெளியேற்றிய மூன்றாம் பிலிப்தான் கொழும்புக் கோட்டைக்கும் அப்போது அரசர். அவருடைய மகனின் ஆட்சியில், 1626இல், போர்த்துக்கேயர் தம் ஆளுகைக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் ஏற்றுக்கொண்டு, ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். இதை நாம் பாடப்புத்தகத்தில் படிக்கின்றோம். ஸ்பெயினில் நடந்ததோடு சேர்த்து வைத்துப் படிப்பது குறைவு. பதினேழு வருட இடைவெளியில், ஒரே அரச குடும்பத்தின் பெயரால், உலகத்தின் இரு முனைகளில் நடந்த இரு வெளியேற்றங்கள் அவை.

ஆகவே, மேசையைத் தட்டிய அந்தச் சகோதரருக்கு என் பதில் இது. முதல் நாவலை நம்மவர் எழுதவில்லை. அதை எழுதியவர் நம்மவருக்கு எதிராகப் போரிட்டுக் காயமடைந்து இடது கையின் செயற்பாட்டை இழந்த ஒரு ஸ்பானியர். ஆனால் தன் கதையின் மூல ஆசிரியராக யாரை வைப்பது என்று யோசித்தபோது, தன் நாடு எரித்த எழுத்தில் எழுதும் ஒருவரையே அவர் தேர்ந்தெடுத்தார். இந்த உண்மைக்கு மிகைப்படுத்தல் தேவையில்லை. பொய்யான பெருமை பேசினால், உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். மூர்கள் பொய்யர் என்று அந்தக் கதைசொல்லி சொன்னதற்கு நாமே சாட்சி கொடுத்தது போலாகிவிடும்.

மாணவியின் இரண்டாவது கேள்விக்கு, அந்தக் கிதாபு எங்கே என்பதற்கு, ஸீதி ஹாமெத்தைப் பொறுத்தவரை பதில் இல்லை. அப்படி ஒரு கிதாபு இருந்ததில்லை. ஆனால் அவள் கேட்ட பிறகு என் உம்மும்மாவின் மரப்பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. அதற்குள் அட்டை போன ஓர் அறபுத் தமிழ்க் கிதாபு கிடந்தது. எழுத்துகளைக் கூட்டி ஓத எனக்குத் தெரியும், பொருள் பிடிபடவில்லை. உம்மாவும் அதை வாசித்ததில்லை. எங்கள் ஊரில் அறபுத் தமிழ் சரளமாக வாசிக்கக்கூடிய ஒரு முதிய லெப்பை இன்னும் இருக்கின்றார் என்று கேள்விப்பட்டு, ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு கொண்டுபோனேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடுவில் திறந்தார். உளூவின் பர்ளுகள் பற்றிய பகுதி. வாசித்துக்கொண்டே வந்தவர், பக்க ஓரத்தில் மையால் கிறுக்கியிருந்த ஒரு வரியில் நின்று சிரித்தார். “இத எழுதினது ஒரு பொம்பிள. பக்கத்து வீட்டுக்காரி ரெண்டு மரைக்கால் நெல்லு கடன் வாங்கினவவாம், இன்னும் தரல்லயாம்.”

அந்தக் கையெழுத்து உம்மும்மாவினதா, அவருக்கு முந்தியவருடையதா என்று இன்னும் தெரியாது. மிச்சப் பக்கங்களை வாசித்துத் தர லெப்பை சம்மதித்திருக்கின்றார். கூலி வேண்டாம் என்கின்றார். அந்த மாணவி ஒரு கொப்பியோடு வந்து எழுதிக்கொள்கின்றாள்.